நாய் தூக்காத மொப்

பெல்மதுளையில் பஸ் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். இளையவள் கையில் தரை துடைக்கும் புது மொப்.

"எம் பேரச் சொன்னா நாய் மொப்ப கவ்விட்டு வருதுக்கா."

"ஏன் புள்ள?"

"நான் வேல செய்ற பங்களாவுல செவப்பு பொலிஷ் போட்ட தரை. நாய் சேத்துக் காலோட ஏறுனா தொரசாணி 'செல்வி, செல்வி'ன்னு கத்துவாங்க. நான் மொப்போட ஓடுவேன். பாத்துப் பாத்து அதுக்குப் பழகிருச்சி. நேத்து விருந்தாளிக்கு தேத்தண்ணி கொண்டாரக் கூப்பிட்டாங்க. நான் போறதுக்குள்ள அது ஈர மொப்ப கொண்டாந்து விருந்தாளி மடியில வெச்சிருச்சி!"

மூத்தவள் சிரித்த சிரிப்பில் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார்.

"அதான் கடையில எல்லாத்தையும் தூக்கிப் பாத்து, நாய் தூக்க முடியாத மாதிரி இத வாங்குனேன்."

"பாவம், செல்வின்னா மொப்புன்னு நெனச்சிருச்சி."

"அந்தப் பங்களாவுல எல்லாரும் அப்பிடித்தான்க்கா நெனக்கிறாங்க. நாய் ஒன்னுதான் எனக்குப் பதிலா தூக்கிட்டு வருது."

இருவரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். பிறகு மூத்தவள் மொப்பை வாங்கி ஒரு கையால் தூக்கிப் பார்த்தாள்.

"அப்பறம் ஏன் புள்ள அதுவும் தூக்க முடியாம இவ்வளவு பாரமா வாங்குன?"