பதினெட்டு அடி வயர்

மேடையில் அமர்ந்திருக்கும் ஒப்பந்தக்காரர் சங்கத் தலைவர் அவர்களே, கைவேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் எலெக்ட்ரீஷியன் தோழர்களே, முன்வரிசையில் தனியாக உட்கார்ந்திருக்கும் அக்கா அவர்களே! வணக்கம்.

நான் கேபிள் விற்கிறவன். நடைபாதையில் சுவிட்சும் ஹோல்டரும் பரப்பி விற்று மேலே வந்தவன். எனக்கு மேடைப்பேச்சு வராது. ஆனால் நாமெல்லாம் 'பத்தடி அண்ணன்' என்று அழைத்த நம் மூத்த மேற்பார்வையாளரைப் பற்றி இன்று நான் பேசாமல் இருந்தால் அது நியாயமா?

ஏன் பத்தடி? டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வரும் பெரிய லைனில் ஒரு சின்ன வயரைப் பிரித்தால், பத்தடிக்குள் அதை, கரண்டு மிஞ்சினால் தானே நிறுத்தும் ஒரு பிரேக்கரில் சேர்த்துவிடு என்பார். கேட்டவருக்கும் சொல்வார், கேட்காதவருக்கும் சொல்வார்.

"மெயின் பிரேக்கர் நானூறு ஆம்ப்ஸ். அது பெரிய கேபிளுக்குத்தான் காவல். இந்தச் சின்ன வயரு வெந்தாலும் அதுக்கு ஒறைக்காது. பிரிஞ்ச எடத்துலேர்ந்து அடுத்த பிரேக்கர் வரைக்கும் இதுக்கு யாரும் தொணை இல்ல. தூரத்தைக் கொற, இல்லன்னா தடிமனைக் கூட்டு."

அவர் சொல்லால் எரியாமல் நிற்கும் கட்டடங்கள் எத்தனை! எரியாத கட்டடத்தை யார் எண்ணுகிறார்கள்?

என் கடையிலேயே நின்றுகொண்டு, "இவ்வளவு தடிமன் உனக்கு வேணாம்ப்பா" என்று என் வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்புவார்.

"என்னண்ணே, என் பொழப்புல மண்ணைப் போடுறீங்க?"

"கரண்டுக்கு உன் பொழப்பு தெரியுமாடா?"

இரண்டு மாதம் முன்பு, கண்ணாடி ஷோகேஸ் வைப்பதற்காக என் கடையின் பிரேக்கர் போர்டை எதிர்ச்சுவருக்கு மாற்றினேன். ஒன்பதடியில் முடிந்த வயர் பதினெட்டடி ஆனது. தடிமன் அதே பதினாறு எம்எம். மறுநாளே அண்ணன் அளவு நாடாவோடு வந்து நின்றார்.

"பதினெட்டு அடிடா. அம்பது எம்எம் போடு."

"அதே வயரு, அதே லோடு. போர்டுதானேண்ணே நகர்ந்திருக்கு?"

"தொணையில்லாத தூரம் ரெண்டு மடங்காயிருக்கு."

வேலையாட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "கேபிள் விக்கிற எனக்கே பாடமா?" என்றேன். நாடாவைச் சுருட்டிக்கொண்டு போனார். அதன்பிறகு வரவில்லை. தானாக வருவார் என்று நானும் இருந்தேன்.

போன வாரம் ஒருவர் கேபிள் அளவு கேட்டார். பழக்கத்தில் கை அவர் எண்ணை அழுத்திவிட்டது. அக்காதான் எடுத்தார்.

"பத்தடி அண்ணன் இருக்காரா?"

"அப்படி இங்க யாரும் இல்லையேப்பா. என் தம்பி ஃபோனு இது. அவன் போய் மூணு நாளாச்சு."

அக்கா, உங்கள் தம்பிக்கு இப்படி ஒரு பெயர் இருந்தது உங்களுக்குத் தெரியாது. அவருக்கு நீங்கள் இருந்தது எங்களுக்குத் தெரியாது. இன்று இங்கே அறுபது பேர். அன்று அவரைத் தூக்க நான்கு பேர்தான்!

நண்பர்களே, சபையறிய ஒன்று சொல்கிறேன். பெரிய லைனிலிருந்து வயர் பிரிக்க வருகிறவர், மெயின் பிரேக்கர் எவ்வளவு, தூரம் எவ்வளவு என்று சொல்லாமல் என் கடையில் ஓர் அடிகூட வெட்டித் தரமாட்டேன். வியாபாரம் குறைந்தால் குறையட்டும்!

இன்று காலை என் கடை மெயினை நிறுத்தி, அந்தப் பதினெட்டடிக்கும் ஐம்பது எம்எம் இழுத்துவிட்டேன். மெயினை இன்னும் போடவில்லை. போர்டை மாற்றிய அந்த ஒரு தடவை தவிர, அவர் அளந்து "சரி" என்று சொன்ன பிறகுதான் போடுவது என் வழக்கம். கடை இருட்டாகக் கிடக்கிறது.

கூட்டம் முடிந்ததும் உங்களில் யாராவது ஒருவர், அளவு நாடாவோடு என்கூட வாருங்கள்.