அண்ணன் அழுத்திய கட்டை

பழைய பியானோவை இடம் மாற்றினால் உடனே சுருதி கூட்டக் கூடாது ஐயா, அது கொஞ்ச நாள் அந்த அறையோடு பழக வேண்டும். அதனால்தான் எங்கள் பியானோப் பட்டறையிலிருந்து ஒன்றை அண்ணனின் கட்டிலருகே தள்ளி வைத்தபோது நான் சுருதியைத் தொடவில்லை. பக்கவாதத்துக்குப் பின் அவருக்கு மிச்சமிருந்தது இடது கை. பேச்சு குழறும், குரல் எழும்பாது. சளி அடைத்தால் யாராவது ஓடிவந்து ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் மூச்சு முட்டிவிடும்.

ஆளைக் கூப்பிட மணியைப் பிடித்து ஆட்ட விரல் மடங்காது. பியானோக் கட்டையை அழுத்த முடியும். கம்பியின் மேல் கம்பளித் துண்டோடு உட்கார்ந்து ஓசையை அடக்குவது டாம்பர். கட்டையை அழுத்தினால் விலகும், விட்டால் வந்து அமரும். இடக்கோடிக் கட்டைக்கு மட்டும் அதைக் கழற்றிவிட்டேன். தட்டினால் பின்கட்டுவரை ரீங்கரிக்கும். துவைக்கிற துணியைப் போட்டுவிட்டு அண்ணி ஓடிவருவார். "தம்பி, நீங்க மட்டும் இல்லேன்னா எங்க கதி என்ன?" என்பார்.

ஒரு மத்தியானம் முகம் துடைத்துவிடும்போது அண்ணன் அழுதார், குழறிக் குழறிச் சொன்னார்.

"அன்னைக்கு உனக்கு வலிப்பு இருக்குன்னு பொண்ணு வீட்டுல சொன்னது நான்தான்டா."

"ஏன்ண்ணே?"

"நீ அவளைக் கட்டிக்கிட்டு அவங்க ஊருக்குப் போயிட்டா, பட்டறையில எனக்கு யாருடா இருக்கா?"

வாக்கு மாறியவள் என்று அந்தப் பெண்ணை அத்தனை வருஷம் திட்டியிருக்கிறேன். கூடவே இருந்து குழி பறித்தவரோ, ஒரு வாய் தண்ணீருக்கு என் கையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். மன்னித்துவிட்டேன் என்றேன். நிஜமாகவே மன்னித்தேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலை டாம்பரைத் திரும்ப மாட்டினேன். கட்டையை அழுத்தும்போது அதை விலக்கிவிடுகிற சின்னக் கம்பியை வெட்டினேன். இனி சுத்தியல் போய்த் தட்டும், டாம்பர் அசையாது. 'டொக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கூப்பிட ஆளிருந்தும் யாரும் வராவிட்டால் எப்படி இருக்கும் என்று ஒரு பகல் அவரும் தெரிந்துகொள்ளட்டும், சாயங்காலம் சரிசெய்துவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

அண்ணி பின்கட்டில் துவைத்துக்கொண்டிருந்தார். நான் சுவருக்கு இந்தப் பக்கம், பட்டறையில் இருந்தேன். டொக் கேட்டது. பழகிய காது ஐயா, தப்பாது. முதலில் நிதானமாகத்தான் தட்டினார். அப்புறம் அவசரமாக. அப்புறம் இடைவெளி விழுந்தது. நான் உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்த பலகையைத் தடவிப் பார்த்தேன், வழவழப்பு போதவில்லை. சத்தம் நின்ற பிறகும் தேய்த்தேன்.

நீங்கள் விசாரணைக்குக் கூட்டிவந்த பியானோக்காரர் உள்ளே பார்த்துவிட்டு என்னிடம் ஒன்று கேட்டார். "சாயங்காலம் சரிபண்றதா இருந்தா அந்தக் கம்பிய வளைச்சு விட்டாப் போதுமே, ஏன் வெட்டுனீங்க?"

நியாயமான கேள்வி. வளைத்திருந்தால் நிமிர்த்திவிடலாம்தான். ஆனால் அரைகுறை வேலை எனக்கு என்றைக்கும் பிடிக்காது.