கிரகப்பிரவேச மாடு

அல்போன்சா: ...கண்ணு பட்டா கல்லீரல்ல கொழுப்பு ஏறாது காந்தா. மொதல்ல மாட்டுக் கொம்புல தொங்கற எலுமிச்சம்பழத்தை அவுருங்க.

காந்தா: கட்டினது நான் இல்ல டாக்டரம்மா. எங்க வீட்டுக்காரரு.

ராஜேந்திரன்: மந்திரிச்சு வாங்கிட்டு வந்தது யாரு?

அல்போன்சா: சண்டையை அப்புறம் போடுங்க. துளசியோட ரத்த ரிப்போர்ட் வந்துடுச்சு. சர்க்கரை ரொம்ப இறங்கிப் போச்சு. கீட்டோன் ஏகத்துக்கும் ஏறியிருக்கு.

ராஜேந்திரன்: மாட்டுக்குப் போயி சுகரா!

அல்போன்சா: நக்கலா? கிட்ட வந்து அது மூச்சை மோந்து பாருங்க.

ராஜேந்திரன்: ...நெயில் பாலிஷ் மாதிரி அடிக்குது.

அல்போன்சா: அதான் கீட்டோன். கன்னு போட்டதும் பால் சுரக்கச் சத்து வேணும். இதுக்குத் தீனி இறங்கல. உடம்புக் கொழுப்பு கரைஞ்சு ஈரல்ல போயி அடைச்சிக்கிச்சு. சினையா இருக்கறப்ப என்ன போட்டீங்க?

காந்தா: சும்னே... சும்மா வைக்கோல்தான்.

அல்போன்சா: வைக்கோல் தின்னா வாலடியில இத்தனை கொழுப்பு? ஆமா... இங்க இன்னொரு மாடு நிக்குமே?

ராஜேந்திரன்: ரோஜாவா? மேயப் போயிருக்கு மேடம்.

அல்போன்சா: பெங்களூர்ல, அதுவும் மல்லேஸ்வரத்துல எங்கய்யா மேயுது, குப்பைத் தொட்டியிலயா? சரி, உண்மையைச் சொல்லுங்க. துளசிக்கு என்ன போட்டீங்க?

காந்தா: ...ஸ்வல்ப வெல்லம்.

ராஜேந்திரன்: சக்கரைப் பொங்கலைச் சொல்லு.

காந்தா: நீ சொல்லேன்! கிரகப்பிரவேசம் கிரகப்பிரவேசம்னு வாரா வாரம் டெம்போல ஏத்தினது யாரு?

அல்போன்சா: நிறைமாசச் சினை மாட்டையா?

ராஜேந்திரன்: சினை மாடுன்னா ரெட்டை லட்சுமியாம் மேடம். லிஃப்ட்லயே மேல கூட்டிட்டுப் போவாங்க. வீட்டுக்காரங்க ஆளுக்கொரு கவளம் ஊட்டுவாங்க. அப்புறம் எதிர் ஃப்ளாட், பக்கத்து ஃப்ளாட்...

அல்போன்சா: வேண்டாம்னு சொல்ல வாய் இல்லையா?

காந்தா: எப்படிச் சொல்றது? ஒல்லியா இருந்தா வேற மாடு கொண்டாங்கறாங்க. செல்ஃபில எடுப்பா தெரியணுமாம்.

அல்போன்சா: எடுத்தாங்கல்ல? இப்ப இது கெடக்கற கெடையையும் வந்து ஒரு செல்ஃபி எடுக்கச் சொல்லுங்க.

ராஜேந்திரன்: துளசி... பொழைச்சிடுமா மேடம்?

அல்போன்சா: குளுக்கோஸ் ஏத்தறேன், மருந்தும் ஊத்தறேன். தீனி எடுத்தா பொழைக்கும். எடுக்கலன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. மாட்டை வெச்சுப் பொழைக்கிறவங்களுக்கு இந்த அறிவு கூடவா இல்ல? அது சரி, கன்னு எங்க? கண்ணுல காட்டினா எழுந்திருக்கப் பாக்கும்.

காந்தா: தூங்குது...

அல்போன்சா: எங்க தூங்குது? கொட்டாய் காலியா இருக்கு.

ராஜேந்திரன்: பக்கத்து வீட்ல...

அல்போன்சா: தாய் கேட்டையே பாத்துப் பாத்துக் கத்துது. என்கிட்ட கதை விடாதீங்க. கன்னு எங்க?

ராஜேந்திரன்: காந்தா... சொல்லிடு.

காந்தா: திட்டாதீங்க டாக்டரம்மா... இன்னிக்கு எலெக்ட்ரானிக் சிட்டில ஒரு கிரகப்பிரவேசம். பசுவும் கன்னுமா வேணும்னாங்க. துளசியாலதான் நிக்க முடியலையே... கன்னை ரோஜா கூட ஏத்தி அனுப்பிட்டோம். அவளும் இப்ப நிறைமாசம்... பொங்கல் ஊட்டாதீங்கன்னு ஒரு போன் போட்டுச் சொல்லிடட்டா?