முதல் சொல் மட்டும்

மின்விசிறியைக் கொஞ்சம் நிறுத்திவிட்டால் நல்லது, டாக்டர். எனக்குப் புழுக்கம் பழகிவிட்டது. விசிறி ஓடினால் நான் பேசுவது உங்களுக்குக் கேட்காது. நீங்கள் "என்ன, என்ன" என்பீர்கள், நான் திரும்பத் திரும்பச் சொல்வேன், இரண்டு பேருக்கும் எரிச்சல் வரும்.

நன்றி.

என் தங்கை வெளியே அம்மாவோடு உட்கார்ந்திருக்கிறாள். அவள் ஏன் பேசுவதில்லை என்று என்னிடம் தனியாகக் கேட்க வேண்டும் என்றீர்கள். நல்லதாகப் போயிற்று. இதுவரை எல்லோரும் அவளிடமே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பேசாதவளிடம் போய் ஏன் பேசவில்லை என்று கேட்டு என்ன பிரயோஜனம்?

முதலில் என் குரலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தொண்டையில் ஒரு சின்னக் கட்டி வந்தது. அறுத்து எடுத்தார்கள். கட்டியோடு குரலும் போய்விட்டது. இப்போது நீங்கள் கேட்பது வெறும் மூச்சு. கல்லூரியில் எனக்குக் 'காத்து' என்று பெயர் வைத்தார்கள். நான் உள்ளே நுழைந்தால், "ஜன்னலைச் சாத்துங்கப்பா, காத்து வருது" என்பார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன். சிரித்ததாகக் காட்டுவதற்குக் குரல் தேவையில்லை.

அதற்கு முன்னால் அந்தக் கல்லூரி நாடகங்களில் கதாநாயகி நான்தான். நாடகக் குழுவைப் பார்த்துக்கொள்ளும் பேராசிரியரை நாங்கள் சார் என்று மட்டும் சொல்வோம். மைக் இல்லாமல் கடைசி வரிசைக்குக் கேட்கிற குரல் என்று அவர் என்னைப் பற்றிப் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். ஆபரேஷனுக்குப் பிறகு என்னை அனுப்பிவிட அவருக்கு மனம் வரவில்லை. ஒப்புக்குச் சப்பாணியாக ஒரு வேலை கொடுத்தார். மேடையின் பக்கத்திரைக்குப் பின்னால் நாடகப் பிரதியோடு நின்று, வசனத்தை மறப்பவர்களுக்கு எடுத்துக் கொடுக்கிற வேலை. "உன் குரல் இதுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும்மா" என்றார். நல்ல மனிதர். ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னார். அன்றைக்கு வீட்டுக்குப் போய் நான் சாப்பிடவில்லை.

எடுத்துக் கொடுப்பதில் ஒரு முறை உண்டு. முதல் சொல்லை மட்டும்தான் கொடுக்க வேண்டும். முழு வரியையும் கொடுத்தால் நடிப்பவருக்கு அவமானம், கொடுக்காமலே விட்டால் நாடகத்துக்கு அவமானம். கொடுத்தது மேடையைத் தாண்டிப் போகவும் கூடாது. நான் அந்த வேலையைச் சீக்கிரமே கற்றுக்கொண்டேன்.

நான் கடைசி வருடத்துக்கு வந்தபோது என் தங்கை அதே கல்லூரியில் சேர்ந்தாள். வீட்டில் அவளைப் பாப்பா என்போம். வேடிக்கைக்குத்தான் நாடகத்துக்கு ஆள் எடுக்கிற தேர்வுக்கு வந்தாள். ஒரே ஒரு வரியைப் படிக்கச் சொன்னார் சார். படிப்பதற்கு முன்னால் அவள் சும்மா நின்றாள். அவ்வளவுதான். எதையோ சொல்ல வந்து, சொல்லலாமா என்று யோசிப்பவள் போல நின்றாள். அறையில் இருந்த எல்லோரும் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தோம். பிறகு வரியைச் சொன்னாள். அந்த வருடத்து நாடகங்கள் அத்தனைக்கும் அவள்தான் கதாநாயகி என்று அப்போதே முடிவாகிவிட்டது.

வீட்டில் அம்மா சாதம் போட்டுக்கொண்டே அவள் பேசிக் காட்டியதைக் கேட்டாள். கரண்டியைப் பாதியில் நிறுத்தினாள். "அப்படியே அக்காவோட குரல்டி உனக்கு" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "வருத்தப்படாதே. போனது எங்கேயும் போயிடலை, வீட்டுக்குள்ளதானே இருக்கு" என்றாள். அம்மா வேண்டுமென்று யாரையும் நோகடிக்கிறவள் இல்லை. எனக்கு இன்னொரு கரண்டி சாதம் வைத்தாள்.

பாப்பாவின் திறமை எல்லாம், வரிக்கு முன்னால் அவள் சும்மா நிற்கிற அந்த இடைவெளியில்தான் இருந்தது. அதனால் எனக்குக் குழப்பம் வரக் கூடாதென்று அவளே ஒரு சைகை வைத்துக்கொடுத்தாள். "அக்கா, நான் இடது காதைத் தொட்டாத்தான் மறந்துட்டேன்னு அர்த்தம். தொடலைன்னா சும்மா நிக்கிறேன், நீ பயப்படாதே." அக்கறையான பெண். அப்போதும் அப்படித்தான்.

முதல் நாடகம் ஒரு வாடகை வீட்டுக் கதை. நகைச்சுவை. வீட்டுக்காரரிடம் பொய் சொல்வதற்கு முன்னால் அவள் ஓர் இடத்தில் நின்றாள். காதைத் தொடவில்லை. நான் முதல் சொல்லைக் கொடுத்தேன். அது தவறுதான். பதற்றத்தில் கவனிக்கவில்லை. என் மூச்சு முன்வரிசை வரை போகும் என்பதும் எனக்குத் தெரியாது. முன்வரிசை சிரித்தது. சிரிக்க வேண்டிய காரணத்துக்காக அல்ல. முடிந்ததும் சார் அவளைக் கூப்பிட்டு, "நல்லாத்தான் பண்ணே. வசனத்தை மட்டும் ஒழுங்கா படிச்சுட்டு வா" என்றார்.

"அக்கா, நான் மறக்கலையே" என்றாள் என்னிடம்.

"மறந்துட்டே பாப்பா. உன் முகத்துல தெரிஞ்சுது" என்றேன்.

தன் முகத்தை யார் பார்க்க முடியும்? என்னை நம்பினாள். அவள் பிறந்ததிலிருந்து என்னை நம்பிக்கொண்டிருப்பவள். தெருவைத் தாண்டும்போதுகூட வண்டி வருகிறதா என்று பார்க்க மாட்டாள், என் கையைத்தான் பார்ப்பாள்.

இரண்டாவது, ஒரு நர்ஸின் கதை. அதில் அவள் நின்ற இடத்திலெல்லாம் நான் கொடுத்தேன். நிற்பதற்கே பயந்துபோய் வசனங்களை வேகவேகமாகச் சொல்ல ஆரம்பித்தாள். "என்னம்மா, ஸ்கூல் பிள்ளை மாதிரி ஒப்பிக்கிறே?" என்று சார் எல்லோர் முன்னாலும் கேட்டார். அன்றிலிருந்து வீட்டில் நானே உட்கார்ந்து அவளுக்குப் பயிற்சி கொடுத்தேன். அவள் சரியாகச் சொன்ன வரியை, தப்பு என்பேன். நான் சொன்னபடி மாற்றிச் சொல்வாள். மறுநாள் அதையும் தப்பு என்பேன். பிரதி என் மடியில்தான் இருக்கும். அவள் எட்டிப் பார்த்ததே இல்லை. கேட்டிருந்தால் காட்டியிருப்பேன். அவள் கேட்கவில்லை.

மூன்றாவது நாடகத்தில் அவள் எல்லா வரிக்கும் காதைத் தொட்டாள். தொட்டுத் தொட்டுக் காதுமடல் சிவந்து, தோடு உரசி, புண்ணாகிவிட்டது. நான்தான் மருந்து போட்டுவிட்டேன். ஆனால் அந்த நாடகத்தில் ஒரு விஷயத்தைக் கவனித்தேன். நான் சொல்ல, அவள் சொன்னாள். நான் ஏற்றினால் ஏற்றினாள், இறக்கினால் இறக்கினாள். பக்கத்திரைக்குப் பின்னால் நின்றுகொண்டு, கடைசி வரிசைக்குக் கேட்கிற குரலில் நான் நடித்தேன். ஆபரேஷனுக்குப் பிறகு எனக்குச் சந்தோஷமாக இருந்தது அன்றைக்குத்தான். அதை ஏன் மறைக்க வேண்டும்?

அவள் விட்டுவிடுகிறேன் என்றாள். அம்மாவும், "போதும்டி, படிக்கிற வேலையைப் பாரு" என்றாள். நான்தான் இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பேசினேன். பாதியில் விட்டால் வாழ்க்கை முழுவதும் அந்தப் பயம் போகாது என்றேன். உங்கள் துறையிலும் இதைத்தான் சொல்வீர்கள் என்று நினைக்கிறேன்.

கடைசி நாடகத்தில் அவள் ஒருத்திதான். ரயில் நிலையத்தில் கணவனுக்காகக் காத்திருக்கும் பெண், தனக்குத் தானே பேசுகிறாள். பாப்பாவின் அப்பா அம்மா என்ற முறையில் எங்கள் அப்பாவும் அம்மாவும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கும் அவர்கள்தான் அப்பா அம்மா. திரை விலகியது. பாப்பா பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். காதைத் தொட்டாள்.

வரி என் விரலுக்குக் கீழே இருந்தது. நான் பிரதியை மூடினேன்.

மறுபடி தொட்டாள். அரங்கம் அமைதியாக இருந்தது. சாருக்கு அது பழைய இடைவெளியாகத் தோன்றியிருக்கிறது. "இதுதான், இதுதான் வேணும்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னாராம். அதனால்தான் யாரும் திரையை இறக்கவில்லை. அவள் காதை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். யாரோ இருமினார்கள். பின்வரிசையில் ஒருவன் சிரித்தான், பிறகு பலர். நான் அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசியில் என் பக்கம் திரும்பி, "அக்கா" என்றாள். அது பிரதியில் இல்லை.

அவளாகப் பேசிய கடைசிச் சொல் அது. இதைத்தான் நீங்கள் தெரிந்துகொள்ள விரும்பினீர்கள். நான் அவளை அடிக்கவில்லை, திட்டவில்லை, தள்ளிவிடவில்லை. சும்மா இருந்தேன். எடுத்துக் கொடுப்பவள் சும்மா இருந்தால் குற்றம் என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை.

இப்போது வீட்டில் எல்லாம் ஒழுங்காகவே நடக்கிறது. அவள் காதைத் தொடுவாள். நான் "தண்ணி" என்பேன். அவள் "தண்ணி வேணும்மா" என்பாள். முதல் சொல் மட்டும்தான், அதற்கு மேல் கொடுப்பதில்லை. "நீ இல்லேன்னா இவ என்ன ஆவா" என்று அம்மா என் தலையைத் தடவுகிறாள். இரண்டு பேரையும் கொஞ்ச காலம் பிரித்து வைக்க வேண்டும் என்று நீங்கள் அம்மாவிடம் சொன்னது கதவுக்கு வெளியே கேட்டது. மூச்சில் பேசுகிறவர்களுக்குக் காது கூர்மையாகிவிடும். உங்கள் அக்கறை எனக்குப் புரிகிறது. நான் இல்லாவிட்டால் அவளுக்கு யார் கொடுப்பார்கள் என்பதை மட்டும் யோசித்துவிட்டுச் செய்யுங்கள்.

முதலில் சொன்னதில் ஒரு சின்னத் திருத்தம். என் மூச்சு முன்வரிசை வரை போகும் என்று தெரியாது என்றேன். தெரியும். முதல் நாடகத்துக்கு முந்தைய வாரம், காலி அரங்கில், லைட் போடுகிறவரை முன்வரிசையில் சாரின் நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டுப் பேசிப் பார்த்தேன். "கேக்குதாண்ணே?" என்றேன். "பக்கத்துல நின்னு சொல்ற மாதிரி கேக்குதும்மா" என்றார். மேடையில் இருப்பவருக்கு மட்டும் கேட்பதற்கு எவ்வளவு மூச்சு வேண்டும், முன்வரிசைக்கு எவ்வளவு வேண்டும் என்று அன்றே கற்றுக்கொண்டேன். கற்றது வீணாகக் கூடாதே.

இன்னொன்று. காலையில் இங்கே வந்தவுடன், அம்மா முகம் கழுவப் போயிருந்த நேரத்தில், உங்கள் நர்ஸ் பாப்பாவிடம் பெயர் கேட்டார். அவள் காதைத் தொட்டாள். நான் என் பெயரை எடுத்துக் கொடுத்தேன். தயங்காமல் சொன்னாள். அந்த நீள வராந்தாவின் கோடியில் உட்கார்ந்திருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். நர்ஸ் அதையே எழுதிக்கொண்டார். வேண்டுமானால் திருத்திக்கொள்ளுங்கள்.

அம்மா சொன்னது சரிதான், டாக்டர். என் குரல் எங்கேயும் போகவில்லை. வீட்டுக்குள்தான் இருக்கிறது.