டொம் யாமுக்கும் அமோக்குக்கும் ஒரே அடுப்பு

2025 ஜூலை 27, ஞாயிற்றுக்கிழமை, மாலை ஐந்து மணி. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், ரப்பர்த் தோட்டத்தை அழித்துக் கட்டிய குடியிருப்பின் சங்க மண்டபம். ஆசியான் கூட்டமைப்புக்கு இவ்வாண்டு மலேசியா தலைமை என்பதால், அடுத்த ஞாயிறு, ஆகஸ்டு மூன்றாம் தேதி, அங்கே ஆசியான் விருந்து. வீட்டு வரிசைக்கு ஒரு நாட்டுச் சமையல். கூட்டமைப்பின் உறுப்பினர்களான தாய்லாந்தும் கம்போடியாவும் வியாழக்கிழமை முதல் எல்லையில் சண்டையிடுகின்றன. சங்கத் தலைவி சாரதாதேவி டீச்சர் இன்னும் வரவில்லை. செயலாளர் கனகராஜும் அவர் மனைவி விமலாவும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

விமலா: விருந்துக்குத் தேதி போட்டது நீங்கதானே?

கனகராஜ்: நான்தான்லா.

விமலா: ஹாட்யாய் பஸ்ஸுக்கு அதே நாளுக்கு டிக்கெட் எடுத்தது?

கனகராஜ்: அதுவும்... நான்தான்.

விமலா: கல்யாணம் ஆனதுலேர்ந்து தாய்லாந்து, தாய்லாந்துன்னு சொல்றீங்க. இதுவரைக்கும் இங்க இருக்குற தாப்பாதான் பார்த்தேன். இந்த வாட்டியும் இல்லன்னா...

கனகராஜ்: போறோம். சண்டை வந்துருச்சுல்ல? விருந்தத் தள்ளி வைக்க அது போதும்.

விமலா: தாய்லாந்துல சண்டைன்னு விருந்த நிறுத்திட்டு, தாய்லாந்துக்கே போறோமா?

கனகராஜ்: ஹாட்யாய் தெற்குலா. சண்டை அந்தக் கோடியில.

விமலா: அங்க சனங்க புள்ளைங்கள தூக்கிக்கிட்டு ஓடுதுங்க. உங்களுக்கு ஒரு சாக்கு கிடைச்சிருக்கு.

கனகராஜ்: ...தப்புதான். வேற என்ன சொல்றது? ஹாட்யாய்னு வாயத் திறந்தா டீச்சர் நம்மள...

சாரதாதேவி: செயலாளரே, மண்டபத்தில் குசுகுசுப்பு வேண்டாம். நாற்காலியை நேராகப் போட்டு உட்காரும்.

கனகராஜ்: டீச்சர்... விருந்தத் தள்ளி வைப்போமா? பார்டர மூடிட்டாங்க, லாரியெல்லாம் நிக்குது. பொருளாதார ஒத்துழைப்பே படுத்துருச்சு.

சாரதாதேவி: இரண்டு நாடுகளுக்கு இடையில் படுத்திருக்கிறது. மற்ற எட்டும் கடையைச் சாத்திவிட்டனவா?

கனகராஜ்: இல்ல... ஆனா ரெண்டு பேரையும் ஒரே மேசையில...

சாரதாதேவி: நாளை புத்ராஜெயாவில் நம் பிரதமர் அப்படித்தான் உட்காரவைக்கப் போகிறார். செய்தி கேட்கிறதில்லையா?

கனகராஜ்: நாளைக்கேவா? அதுக்குள்ள சமாதானம் ஆயிருமா?

விமலா: மூஞ்சியப் பாரு.

கனகராஜ்: நம்மகிட்ட ஒரே அடுப்பு டீச்சர். தாய்லாந்துக்கு வீரம்மா அக்காவோட டொம் யாம் சூப்பு, கம்போடியாவுக்குப் பத்துமலை அண்ணன் தேங்காப்பால்ல செய்யற மீன் அமோக். கரண்டிச் சண்டை வந்துட்டா?

சாரதாதேவி: சண்டையே போடாதவர்களுக்குச் சங்கம் எதற்கு? அடுப்பை முறைவைத்துக் கொடுக்கத்தானே நாம் இருக்கிறோம்.

விமலா: அதானே.

கனகராஜ்: நீ யாரு பக்கம்?

விமலா: பஸ்ஸு பக்கம்.

சாரதாதேவி: எந்தப் பஸ்?

கனகராஜ்: ஒண்ணுமில்ல டீச்சர். ஆசியான் மாதிரியே நடத்தணும்னு நீங்கதானே சொன்னீங்க? ஒருத்தர் வேணாம்னாலும் முடிவு கிடையாது.

சாரதாதேவி: சரி. வேண்டாம் என்கிற அந்த ஒருவர் யார்? வீரம்மாவா?

கனகராஜ்: இல்ல.

சாரதாதேவி: பத்துமலையா?

கனகராஜ்: அவரு பாகான் டத்தோவுலேர்ந்து தேங்காயே எறக்கிட்டாரு.

சாரதாதேவி: பிறகு?

கனகராஜ்: ...நான்தான் டீச்சர்.

விமலா: முழுசா சொல்லிருங்க.

கனகராஜ்: அன்னைக்கு ஹாட்யாய் போறோம். தேதியப் பார்க்காம டிக்கெட் எடுத்துட்டேன். இவளுக்கு வாக்கு கொடுத்திருக்கேன்.

சாரதாதேவி: இதைச் சொல்ல உமக்கு ஒரு யுத்தம் தேவைப்பட்டதா?

கனகராஜ்: மன்னிச்சிருங்க டீச்சர். விமலா, நீ போயிட்டு வா. நான் இங்க இருந்து...

விமலா: தனியா போறதுக்கா இத்தன வருசம் காத்துக்கிட்டு இருந்தேன்?

சாரதாதேவி: பேனாவை எடும். விருந்து ஆகஸ்டு பத்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றப்படுகிறது. அடுப்பு முதலில் கம்போடியாவுக்கு, பிறகு தாய்லாந்துக்கு.

கனகராஜ்: காரணம்... எல்லைச் சண்டைன்னு போட்டுக்கவா?

சாரதாதேவி: அடுத்தவர் துயரத்தை நம் காரணமாக எழுதக் கூடாது. உள்ளதை எழுதும். மூன்றாம் தேதி செயலாளரும் அவர் மனைவியும் தலைவியும் ஹாட்யாயில் இருப்பார்கள்.

விமலா: தலைவியுமா?

சாரதாதேவி: டிக்கெட் எடுத்தபோது நானும் தேதியைப் பார்க்கவில்லை. தலைவியே வேண்டாமென்று சொல்லலாமா? வேறு யாராவது சொல்வீர்களா என்றுதான் காத்திருந்தேன். நம் ஊரிலிருந்து போவது ஒரே பஸ். முன்வரிசையில் சன்னலோர இருக்கை என்னுடையது. அதற்குப் பேச்சுவார்த்தை கிடையாது.