எல்லை தாண்டினா தனித்தனி

— ரயிலுக்கு எதுக்கு அடையாள அட்டை? இத்தனை வருஷத்துல ஒரு தடவையாவது உன்கிட்ட எவனாவது கேட்டானா?

— கேக்கலதான். இருந்தாலும் குடேன், மிலாடா. கையில இருக்கட்டும்.

— கையில இருந்தா தொலைச்சிருவ. அதான் கல்யாணமான நாள்லேருந்து என் பைக்குள்ளயே இருக்கு. இப்ப ரொட்டிய எடு. வியன்னா வர இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கு. கறி வறுவல் நாலு உனக்கு, ரெண்டு எனக்கு. ஊறுகாய் வெள்ளரிக்காயத் தனியாச் சுத்தியிருக்கேன், ரொட்டி ஊறிப்போகக் கூடாதுன்னு.

— எனக்கு எதுக்கு நாலு?

— கேட்டுக்கோ. நான் விமானத்துல ஏறினா ஒன்றரை மணி நேரத்துல பொலோன்யா, பிள்ளை வீடு. நீ வெனிஸ் போயி, அங்க ரயில் மாறி, ராத்திரி சாப்பாட்டு நேரத்துக்குத்தான் வந்து சேருவ. நடுவுல பசிக்காதா?

— நான் என்ன சொல்றேன்னா, எனக்கும் ரெண்டு போதும்.

— ஏன், வயித்துக்கு என்ன?

— வயிறு நல்லாத்தான் இருக்கு. அட்டையக் குடு.

— ருடோல்ஃப்.

— முழுப் பேரைச் சொல்லாத, எங்க அதிகாரி கூப்பிட்ட மாதிரி இருக்கு. ரூடான்னே சொல்லு.

— உன் வெனிஸ் ரயில் டிக்கெட்ட எடு, பாக்கலாம்.

— அது வந்து...

— எடு.

— வாங்கல.

— வாங்கலயா? வெனிஸுக்கு எப்படிப் போவ? நடந்தா?

— விமானத்துக்கு வாங்கிட்டேன். உன் விமானம்தான். உன் பக்கத்து சீட்டு. மிலா, ரொட்டியக் கீழ போட்டுட்ட பாரு.

— கிடக்கட்டும். எல்லை தாண்டினப்புறம் சொல்றியே, இத வீட்டுல சொல்ல வாய் வரலையா?

— வீட்டுல சொல்லியிருந்தா நீ செருப்பையே மாட்டியிருக்க மாட்ட.

— யார் வாங்கிக் குடுத்தது? உனக்கு அந்தப் போன்ல மணி பாக்கவே தெரியாது.

— ஓந்திரா.

— நம்ம பிள்ளையா? அவனுக்கு நம்ம வழக்கம் தெரியாதா?

— அவனுக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்? அதுக்குள்ளயேதான வளந்தான். நான் கேட்டதும் ரெண்டு நிமிஷத்துல வாங்கி அனுப்பிட்டான். அனுப்பிட்டு ஒண்ணு சொன்னான். சொல்லட்டுமா?

— சொல்லு.

— சின்ன வயசுல கடல்னாலே மொத நாள் அப்பா இல்லாத கடல்தானாம். அம்மாவும் அவனும் போய் இறங்குவாங்களாம், நான் மறுநாள்தான் ரயில்லேருந்து கசங்கிப்போய் இறங்குவேனாம். மணல்ல வீடு கட்டினா, அப்பா வந்து பாக்கிறதுக்குள்ள அலை கொண்டுபோயிருமாம்.

— அவன் என்கிட்ட இதச் சொன்னதே இல்ல.

— உன்கிட்ட யார் சொல்லுவா?

— மன்னிக்கணும். டிக்கெட் பாக்கணும். ரெண்டு பேரும் வியன்னாவா?

— ஆமாங்க. இந்தாங்க, இது என்னோடது, இது அவரோடது.

— ஒரே ஊர்லேருந்து ஒரே ஊருக்குத் தனித்தனி டிக்கெட்டா? சேத்து வாங்கியிருந்தா கம்மியா வந்திருக்குமேம்மா. உங்க வீட்டுக்காரர்தான?

— ஆமா.

— சண்டையா?

— இல்லைங்க. வழக்கம்.

— வழக்கமா... சரி. நல்லபடியா போயிட்டு வாங்க.

— ஐயா, ஒரு நிமிஷம். வியன்னாவுல விமான நிலையத்துக்கு ரயில்...

— அதெல்லாம் எனக்குத் தெரியும், ரூடா. நீங்க போங்க ஐயா, அவர் சும்மா கேக்கறார்.

— ஏன் அவர விரட்டுற? பாவம், நல்ல மனுஷன்.

— உன்னை அவர்கிட்ட பேச விட்டா நீ ஓட்டின ஏழாம் நம்பர் டிராம் கதையெல்லாம் சொல்ல ஆரம்பிச்சிருவ. நான் சொல்றதக் கேட்டுக்கோ. எல்லை தாண்டினா ஒரே வண்டியில ஏறக் கூடாது. இத நாம என்னிக்கோ முடிவு பண்ணினோம்.

— நீ முடிவு பண்ணின. நான் தலையாட்டினேன்.

— ஒருத்தருக்கு ஒண்ணு ஆனாலும் பிள்ளைக்கு இன்னொருத்தர் இருக்கணும். இதுல என்ன தப்பு?

— தப்பே இல்ல. பிள்ளைக்கு இப்ப முப்பத்தொரு வயசு. தலை பாதி வழுக்கை. நாம ரெண்டு பேரும் போயிட்டா அவனை அநாதை விடுதியில சேத்துக்க மாட்டாங்க.

— சிரிப்பு வரல.

— உதடு கோணுதே.

— கோணல. அவனுக்கு இப்ப ஒரு குழந்தை இருக்கு. நீனாவுக்குத் தாத்தா பாட்டி ரெண்டு பேரும் ஒரே நாள்ல இல்லாம போனா?

— நீனாவுக்கு ஒன்பது வாரம் ஆகுது. பாலும் தூக்கமும் தவிர அதுக்கு உலகத்துல எதுவும் தெரியாது. அந்தப் பக்கம் மருமக சில்வானாவோட அப்பா அம்மா வேற இருக்காங்க, நாலு பேருக்குச் சேத்துச் சத்தம் போடுறாங்க.

— அப்போ வீடு? வீட்டுச் சாவி? சமையலறை சன்னல்ல வச்ச தக்காளி நாத்து?

— சாவி கீழ்வீட்டு ஸ்டாஷாகிட்ட இருக்கு. நாத்துக்கும் அவதான் தண்ணி ஊத்துறா. வேற?

— வேற... இரு, யோசிக்கிறேன்.

— யோசி. அது ஒரு பக்கம் இருக்கட்டும், இப்ப நாம ஒரே வண்டியில எல்லை தாண்டியாச்சே. அதுக்கு என்ன சொல்ற?

— வியன்னா இதுல சேராது. நம்ம பிர்னோ ஊர்க்காரங்களுக்கு வியன்னா பக்கத்துத் தெரு.

— ஆஸ்திரியாக்காரன் கேட்டா கோவிச்சுப்பான்.

— கோவிச்சுக்கட்டும்.

— மிலா, நான் என்ன சொல்றேன்னா... முப்பத்தாறு வருஷம் டிராம் ஓட்டினேன். அந்தக் கூண்டுக்குள்ள ஒரே ஒரு இருக்கை. பின்னாடி நூறு பேர் சிரிப்பாங்க, சண்டை போடுவாங்க, முத்தம் குடுத்துப்பாங்க. நான் கண்ணாடியில பாத்துப்பேன். பக்கத்துல ஒருத்தர் உக்காந்து "அங்க பாரு ரூடா"ன்னு சொன்னது கிடையாது. லீவுன்னு வந்தா, அப்பவும் நான் தனியா ஒரு வண்டியில. ஆல்ப்ஸ் மலைய நான் எத்தனை தடவ பாத்திருக்கேன் தெரியுமா? பதினாறு தடவ. பதினாறு தடவையும் பக்கத்துல எவனோ தூங்கிட்டிருந்தான்.

— எனக்கு மட்டும் என்ன, மேல போனா மேகம்தான்.

— அந்த மேகத்தையாவது ஒரு தடவ சேந்து பாப்போம்னுதான் கேக்கறேன்.

— இன்னிக்கு வேண்டாம்.

— எப்போ?

— திரும்பி வரும்போது பாத்துக்கலாம். அடுத்த வருஷம் பாத்துக்கலாம். இன்னிக்கு என்னால முடியாது, ரூடா. நேத்தே சொல்லியிருந்தா மனசத் தயார் பண்ணியிருப்பேன். இப்படித் திடீர்னு கேட்டா எப்படி? இந்தா, கையத் தொட்டுப் பாரு.

— சில்லுன்னு இருக்கு.

— அதான்.

— சரி.

— சரின்னா?

— சரின்னா சரி. வியன்னாவுல இறங்கினதும் நான் போய் வெனிஸ் டிக்கெட் வாங்கிக்கிறேன். இன்னிக்குச் செவ்வாய்க்கிழமைதான, இடம் இருக்கும். நீ விமானத்துல போ. கறி வறுவல் நாலையும் எடுத்துக்கிறேன், போதுமா?

— ஏன் உடனே சரிங்கிற?

— வேற என்ன செய்யட்டும்?

— சண்டை போடு. கத்து. அந்தப் பெட்டிக் கோடியில இருக்கறவங்க திரும்பிப் பாக்கற மாதிரி கத்து. நீ இப்படிச் சரி சரின்னு சொல்லிச் சொல்லித்தான் இத்தனை வருஷமும் ஓடிப்போச்சு.

— கத்தினா உன் கை சூடாகுமா? என்ன மிலா? எதுக்குக் கண்ணத் துடைக்கிற?

— உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். சொன்னப்புறம் நீ எதுலயும் என்கூட வரலன்னாலும் பரவாயில்ல.

— சொல்லு.

— அந்த வழக்கம் ஓந்திராவுக்காக இல்ல.

— ம்.

— ம்னு சொல்லாத, கேட்டுக்கோ. ஊருக்கெல்லாம் பிள்ளைக்காகன்னு சொன்னேன். உனக்கும் அதையேதான் சொன்னேன். ஆனா பிள்ளைய எப்பவும் யார்கூட வச்சுக்கிட்டேன்? என்கூட. பஸ்ஸுன்னா என் மடியில, விமானம்னா என் பக்கத்துல. உன்னை மட்டும் ரயில்ல ஏத்திவிட்டேன். ரயில் கவுறாதுன்னு எனக்கு நம்பிக்கை. உனக்கு ஒண்ணும் ஆகாது. ஆகுறதா இருந்தா எனக்கும் அவனுக்கும்தான் ஆகணும். அப்புறம் யார் மிஞ்சுவா? யோசிச்சுப் பாரு.

— நான்.

— நீதான். எங்க அம்மாவும் அப்பாவும் என்னை அத்தை வீட்டுல விட்டுட்டு பல்கேரியாக் கடலுக்கு ஒரே பஸ்ல போனாங்க. எனக்கு ஒன்பது வயசு. பஸ் கவுந்துருச்சுன்னு வீட்டுல எல்லாருக்கும் தெரியும், எனக்கு மட்டும் நாலு நாள் சொல்லல. சனிக்கிழமை வருவாங்கன்னு சொல்லியிருந்தாங்க. சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய், நாலு நாளும் வாசப்படியில நின்னேன். அத்தை வந்து சாப்பிடக் கூப்பிடுவா, நான் போகமாட்டேன். அழுதுக்கிட்டே உள்ள போயிருவா, ஏன் அழறான்னு எனக்குப் புரியாது.

— தெரியும்மா. நாலு நாள் நின்னது மட்டும் தெரியாது.

— யாருக்கும் தெரியாது. இன்னொரு தடவ அப்படி நிக்க என்னால முடியாது, ரூடா. அதனால எல்லா வண்டியிலயும் போறவளா நான் இருந்துக்கிட்டேன். நிக்கறவனா உன்னை ஆக்கிட்டேன். எல்லாம் என் சுயநலம். பெத்த பிள்ளையையும் இழுத்து என் பக்கம் வச்சுக்கிட்டேன் பாரு, அத நெனச்சா எனக்கே கூசுது. இப்பத் திட்டு. எவ்வளவு வேணும்னாலும் திட்டு.

— கோட்டைப் போட்டுக்கோ. வேகம் குறையுது, ஸ்டேஷன் வரப்போகுது.

— ரூடா, நான் சொன்னது காதுல விழுந்துச்சா?

— விழுந்துச்சு. எதுக்குத் திட்டணும்? எனக்குத் தெரியும்.

— என்ன தெரியும்?

— நீ இப்பச் சொன்னதுதான். வாசப்படி தெரியாது. மத்ததெல்லாம் தெரியும்.

— எப்போலேருந்து?

— மொத தடவையிலேருந்து. இத்தாலிக் கடலுக்குக் கிளம்பினோமே, ஓந்திராவுக்கு மூணு வயசு. நீ அவனைத் தூக்கிக்கிட்டு பஸ்ல ஏறின. நான் கீழ நின்னு கை ஆட்டினேன். பஸ் மூலை திரும்பின நிமிஷமே இந்த மரமண்டைக்குப் புரிஞ்சுபோச்சு, இவ என்னை மட்டும்தான் விட்டுட்டுப் போறான்னு.

— புரிஞ்சும் ரயில் ஏறினியா?

— ஏறினேன்.

— புரிஞ்சும் இருபத்தெட்டு வருஷம் வாயத் திறக்கலையா நீ?

— எங்க அம்மா அப்பா எண்பது தாண்டி இருந்தாங்க, மிலா. அந்த வலி எனக்குப் பழக்கமில்ல, அதனால பெருசாத் தெரியல. நம்ம ரெண்டு பேர்ல யாராவது ஒருத்தர் தனியா நிக்கணும்னா அது நானா இருந்துட்டுப் போறேன், உன்னைவிட எனக்குத் தெம்பு ஜாஸ்தின்னு நினைச்சேன்.

— அப்போ இன்னிக்கு மட்டும் ஏன் அட்டையக் கேட்ட? இத்தனை வருஷம் தாங்கினவனுக்கு இன்னும் கொஞ்ச நாள் தாங்க முடியாதா?

— முடியாது, மிலா. போன வாரம் நீ ரொட்டி வாங்கப் போயிட்டு அரை மணி நேரம் லேட்டா வந்தியே, அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு, அரை மணி நேரம்கூடத் தனியா நிக்க எனக்குத் தெம்பில்லன்னு.