கூட்டினால் எட்டு

மழைக்காலத்தில் ஒரு ஸ்கூட்டரில் நான்கு பேர் போவது தனிக் கலை. முன்னால் நிற்கும் மகள் ஹம்சினியின் மழைத்தொப்பி என் கண்ணை மறைக்கும். பின்னால் என் மனைவி குடையைப் பிடிப்பாள். குடை எங்கள் எல்லோரையும் பிடித்து இழுக்கும். நடுவில் கைக்குழந்தை சிரித்துக்கொண்டிருக்கும். அதனால்தான் கார் தேட ஆரம்பித்தேன். வேறு கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது.

லஸ் முனையில் அந்த வருஷம்தான் ஒரு பிரவுசிங் சென்டர் திறந்திருந்தார்கள். இன்டர்நெட்டில் கார் விளம்பரம் பார்ப்பேன். படம் மேலிருந்து கீழாக வரும். முதலில் கூரை, பிறகு கண்ணாடி. சக்கரம் வருவதற்குள் என் நேரம் முடிந்துவிடும். பல கார்களை நான் சக்கரமே இல்லாமல்தான் காதலித்தேன். ஒரு வெள்ளை ஃபியட் மட்டும் முழுசாக வந்தது.

மயிலாப்பூர் விஜயலக்ஷ்மி மாமியின் வண்டி. கணவர் ராஜகோபாலன் தூக்கத்திலேயே போய்விட்டார். விளம்பரம் கொடுத்தது மாமியின் மருமான். மாமி நல்ல காபி கொடுத்தார். விலையில் மட்டும் இறங்கவில்லை. என் பட்ஜெட்டுக்கு அந்த வண்டியில் மூன்று சக்கரம்தான் வரும்.

நான் நம்பர் பிளேட் முன்னால் உட்கார்ந்து, விரல் விட்டு எண்ணி, லேசாக உச்சுக் கொட்டினேன்.

“என்ன பார்க்கறேள்?”

“ஒண்ணுமில்லை மாமி. கூட்டினா எட்டு வர்றது. சனியோட நம்பர்.”

“அஞ்சுன்னா வரும்?”

“முன்னாடி இருக்கற எழுத்துக்கும் நம்பர் உண்டே. அதையும் சேர்க்கணும்.”

மாமி கதவைப் பிடித்துக்கொண்டார். “வண்டி வாங்கறச்சே ஆபீஸ்ல ரெண்டு நம்பர் சொன்னா. அவர் மத்ததைக் கேட்டார். இதுதான் வேணும்னு நான்தான் பிடிவாதம் பிடிச்சேன்.” சற்றுக் கழித்து, “போன ஐப்பசி எட்டாம் தேதி போனார்,” என்றார்.

இதை நான் எதிர்பார்க்கவில்லை. அதிர்ஷ்டம் சில நாள் கை காட்டாமலே வந்து வண்டியில் ஏறிக்கொள்ளும்.

சிக்கல் என்னவென்றால், மாமி இப்போது விற்கவே மறுத்தார். “குழந்தைகளை இதுல ஏத்தாதேங்கோ. காயலான் கடைக்குப் போட்டுடறேன்.”

“எனக்கு எட்டு ஒத்துக்கும் மாமி. நான் பிறந்ததே எட்டாம் தேதி,” என்றேன். நான் பிறந்தது இருபதாம் தேதி. காயலான் கடை விலைக்கே சாவி கைக்கு வந்தது.

அன்று சாயங்காலமே பெசன்ட் நகர் கடற்கரை. ஹாரன் அடித்தால் வைப்பர் ஆடியது. என் மனைவி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். ஹம்சினி பின்சீட்டில் வாய்விட்டு நம்பரைக் கூட்டினாள்.

“எழுத்துக்கெல்லாம் எத்தனைப்பா?”

“எத்தனை வேணுமோ அத்தனை,” என்றேன்.

வெள்ளிக்கிழமைகளில் மாமி மழையில் கோயிலுக்கு நடந்து போவதைப் பார்க்கிறேன். ரொம்ப இளைத்துவிட்டார். வண்டியை நிறுத்தி, “ஏறுங்கோ மாமி,” என்பேன். அவர் பின்சீட்டுக் குழந்தைகளை ஒரு முறை பார்த்துவிட்டு, தள்ளி நின்று கைகூப்புவார்.

கூட்டினால் ஐந்துதான் என்று சொல்லிவிடலாம். ஆனால் இப்போதுதான் அவர் மனதைத் தேற்றிக்கொண்டு வருகிறார், குழப்புவானேன்? சேற்றுத் தண்ணீர் அவர் புடவையில் தெறிக்காமல் மெதுவாக ஓட்டிப் போகிறேன். எனக்கு எப்போதுமே கொஞ்சம் இளகிய மனசு.